என் ஜிபிஎல் லைப்ரரி ஒரு கருவியின் ஃபர்ம்வேருக்குள் இருக்கிறது. சோர்ஸ் கேட்டு வாங்க முடியுமா?

செமிகோலன் (கேள்வி):

ஏழு வருடத்துக்கு முன் சி மொழியில் ஒரு சின்ன லைப்ரரி (மற்ற நிரல்கள் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் நிரல்) எழுதினேன். சீரியல் போர்ட்டில் வரும் சென்சார் தரவை வாங்கி, உடைந்து வரும் பாக்கெட்டுகளை ஒட்டவைத்து, நேர வரிசைப்படி கோப்பில் எழுதும். மொத்தமே 3,000 வரி வராது. ஜிபிஎல் 2 உரிமத்தில் வெளியிட்டேன் (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் கம்பைல் செய்ததைக் கொடுப்பவர் சோர்ஸையும், அதாவது மூல நிரலையும், தர வேண்டும் என்கிற உரிமம்). ஏன் அந்த உரிமம் என்று கேட்காதீர்கள். அப்போது நான் பார்த்த ரெபாசிட்டரிகளில் எல்லாம் அந்தக் கோப்பு இருந்தது, எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான் யோசனை.

போன மாதம் முன்பின் தெரியாத ஒருவர் மெயில் அனுப்பியிருந்தார். அவரிடம் இருக்கும் ஒரு டேட்டா லாகர் கருவியில் (அளவீடுகளைப் பதிவுசெய்வது) அவ்வப்போது ஒரு பிழைச்செய்தி வருகிறதாம். அதைத் தேடினால் இணையம் முழுவதிலும் என் ரெபாசிட்டரி மட்டும்தான் வருகிறதாம். வராமல் என்ன செய்யும்? பஃபர் நிரம்பினால் வரும் அந்தச் செய்தியின் கடைசியில் 'அய்யோ' என்று ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுதியது. அப்புறம் எடுக்க மறந்துவிட்டேன்.

கருவி செய்யும் நிறுவனத்தின் தளத்திலிருந்து ஃபர்ம்வேர் கோப்பை (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) இறக்கி, அதைப் பிரித்துக் காட்டும் பின்வாக் என்ற நிரலில் போட்டுப் பார்த்தேன். உள்ளே ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கிய கோப்பு அமைப்பு, லினக்ஸ் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), பிஸிபாக்ஸ் (அடிப்படை லினக்ஸ் கட்டளைகளின் தொகுப்பு). அந்தக் கருவியின் முக்கிய பைனரியில் (கம்பைல் செய்த கோப்பில்) ஸ்ட்ரிங்ஸ் ஓட்டி உள்ளிருக்கும் சொற்களைப் பார்த்தால் என் 'அய்யோ' அப்படியே உட்கார்ந்திருக்கிறது. என் ஃபங்ஷன் பெயர்கள்கூட நீக்கப்படவில்லை. கையேட்டைப் புரட்டினேன். உரிமம் பற்றி ஒரு வரி கிடையாது, சோர்ஸ் தருவோம் என்ற பேச்சும் இல்லை.

எனக்குப் பணம் வேண்டாம். வேறொன்று வேண்டும். என் லைப்ரரியில் ஒரு பழைய பிழை இருக்கிறது. மில்லிசெகண்டை 32 பிட்டில் எண்ணுகிறேன், 49 நாள் 17 மணி நேரத்தில் அது சுற்றி வந்து பூஜ்யம் ஆகிவிடும். அந்தச் சமயத்தில் பாதி பாக்கெட் கையில் இருந்தால் நேர வரிசை முழுக்கக் குலைந்துபோகும். மூன்று முறை சரிசெய்தேன். மூன்று முறையும் வேறு எங்கோ பிய்த்துக்கொண்டது. ஆனால் மெயில் போட்டவர் ஐந்து மாதமாகக் கருவியை அணைக்கவே இல்லை என்கிறார். வரிசை ஒரு நாளும் குலையவில்லையாம். அப்படியானால் அவர்கள் அதைச் சரிசெய்துவிட்டார்கள். அந்தத் திருத்தம் எனக்கு வேண்டும்.

வக்கீல் யாரையும் எனக்குத் தெரியாது. சட்டப்படி நான் என்ன கேட்கலாம்? எப்படித் தொடங்குவது?

கர்னல் பேனிக்:

நிறுவனத்தின் பெயரைப் போட்டு நாறடியுங்கள். 2003-இல் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரில் லினக்ஸ் ஓடுகிறது என்று கண்டுபிடித்து அஞ்சல் பட்டியல்களில் சத்தம் போட்டார்கள். சோர்ஸ் வெளியே வந்தது, அதிலிருந்துதான் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த ரவுட்டர் மென்பொருள் பிறந்தது. சத்தம் போடாமல் எவனும் கொடுக்க மாட்டான்.

ஓய்வுபெற்ற மேக்ஃபைல்:

மேலே சொன்னதை இப்போது செய்யாதீர்கள். வேண்டுமானால் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். (லிங்க்சிஸ் விஷயத்தில்கூட வெளியே சத்தம், உள்ளே பேச்சுவார்த்தை, இரண்டும் சேர்ந்துதான் நடந்தது.)

இப்படிப்பட்ட கடிதங்களை வாங்கும் இடத்தில் நான் ஒன்பது வருடம் இருந்தேன். எங்களுக்கு வந்த முதல் கடிதத்தின் கதையைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

அந்த மனிதர் விற்பனை விசாரணைக்கான மெயில் முகவரிக்கு எழுதியிருந்தார். தளத்தில் அது ஒன்றுதான் கண்ணில் படும், அவர்மேல் தப்பில்லை. விற்பனைக்காரர்கள் 'சோர்ஸ் கோட் வேண்டும்' என்பதைப் பார்த்துவிட்டு, யாரோ ஓசியில் கேட்கிறான் என்று ஒதுக்கிவிட்டார்கள். நான்கு மாதம் போனது. அவர் கோபமாக இரண்டாவது கடிதம் போட்டார். அது சட்டப் பிரிவுக்குப் போய், அங்கிருந்து 'இது என்ன?' என்ற ஒற்றைக் கேள்வியோடு என் மேசைக்கு வந்தது.

நான் பார்த்தால், அந்த ஃபர்ம்வேரை நாங்கள் எழுதவே இல்லை. சிப் விற்றவர்கள் ஒரு எஸ்டிகே (மென்பொருள் எழுத உதவும் தொகுப்பு) கொடுத்தார்கள், வெளியே ஓர் ஒப்பந்தக்காரர் அதில் கைவைத்து எங்களுக்கு பைனரியாகத் தந்தார். அவர் தொழிலை மூடிவிட்டுப் போயிருந்தார். அவருடைய பில்ட் மெஷினின் நகல் ஒன்று எங்களிடம் இருந்தது என்றார்கள். தேடிப் போனால் யாரோ டிஸ்க்கை ஃபார்மட் செய்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதே பைனரி வரும்படி சோர்ஸைத் திரும்பக் கோத்தெடுக்க எனக்கும் இன்னொருவருக்கும் மூன்று மாதம் ஆனது. கடிதம் எழுதியவர் நாங்கள் ஒளித்துவைத்திருக்கிறோம் என்றே கடைசிவரை நினைத்திருப்பார். எங்களிடம் இல்லவே இல்லை, அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

ஆகவே முதலில் ஆதாரத்தைக் கட்டுங்கள். இறக்கிய ஃபர்ம்வேர் கோப்பையும் அதன் எஸ்எச்ஏ256 எண்ணையும் (கோப்பின் கைரேகை மாதிரி) தேதியோடு வையுங்கள். இறக்கிய பக்கத்தின் படத்தையும் எடுங்கள். கடிதம் கிடைத்த மறுநாளே சில பேர் கோப்பைத் தூக்கிவிடுவார்கள். 'அய்யோ' வரும் இடத்தையும் உங்கள் சோர்ஸில் அதே வரியையும் அருகருகே வையுங்கள். சட்டப் பிரிவில் இருப்பவருக்கு டிஸ்அசெம்ப்ளி புரியாது. அய்யோ புரியும்.

கடிதத்தில் என்ன வேண்டும் என்பதை அச்சுப் பிசகாமல் எழுதுங்கள். 'சோர்ஸ் கொடுங்கள்' என்றால் உங்கள் ரெபாசிட்டரியையே ஜிப் செய்து உங்களுக்கு அனுப்பிவைப்பார்கள். சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது. ஜிபிஎல் 2-இன் 3-ஆம் பிரிவைக் காட்டுங்கள். பைனரி கொடுப்பவர் கூடவே முழு சோர்ஸையும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் குறைந்தது மூன்று வருடத்துக்குச் செல்லும்படி எழுத்தில் வாக்குத் தர வேண்டும். முழு சோர்ஸ் என்பதில் கம்பைல் செய்யவும் நிறுவவும் வேண்டிய ஸ்கிரிப்ட்களும் அடங்கும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. ஆள்கள் இந்த ஸ்கிரிப்ட் விஷயத்தில்தான் கோட்டைவிடுவார்கள்.

ஒரு தேதி குறிப்பிடுங்கள், 30 நாள் நியாயமான அவகாசம். பணம் கேட்கவில்லை என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். படிப்பவரின் தோள் இறங்கும். அந்த வரி இல்லாத கடிதங்களை எங்கள் சட்டப் பிரிவு நேராக வெளி வக்கீலிடம் அனுப்பிவிடும். அப்புறம் இன்ஜினியர் யாரும் உங்களோடு பேசவே முடியாது.

வக்காலத்து:

மேக்ஃபைல் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கடிதம் போகுமுன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அந்த 3,000 வரியும் உங்களுடையவைதானா?

அடுத்தவர்கள் கொடுத்த பேட்ச்களைச் சேர்த்திருந்தால் அந்த வரிகளுக்கு உரிமை அவர்களுடையது. வேலையில் இருந்தபோது எழுதியிருந்தால், ஒப்பந்தத்தைப் பொறுத்து எல்லாமே உங்கள் பழைய முதலாளியுடையதாகக்கூட இருக்கலாம். இதில் சறுக்கிய பெரிய வழக்கு ஒன்று உண்டு. லினக்ஸ் கர்னலின் முக்கியப் பங்களிப்பாளர்களில் ஒருவரான கிறிஸ்டோஃப் ஹெல்விக், விஎம்வேர் என்ற மென்பொருள் நிறுவனத்தின் மீது ஹாம்பர்க் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2016-இல் தள்ளுபடி ஆனது. 2019 பிப்ரவரியில் மேல்முறையீட்டிலும் தோற்றார். ஜிபிஎல் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை, அந்தக் கேள்விக்கே போகவில்லை. இந்தந்த வரிகள் என்னுடையவை, அவை அங்கே இந்த இடத்தில் இருக்கின்றன என்று அவர் நீதிமன்றம் கேட்ட அளவுக்கு நிறுவிக்காட்டவில்லை, அவ்வளவுதான். கர்னல் போன்ற பல கை பட்ட நிரலில் அது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் லைப்ரரி சின்னது, உங்களுக்கு அதுதான் பலம்.

ஜிபிஎல் நீதிமன்றத்தில் நிற்குமா என்ற பயம் இனி வேண்டாம். லினக்ஸில் நெட்வொர்க் போக்குவரத்தை வடிகட்டும் நெட்ஃபில்டர் நிரலுக்காக, அதை எழுதியவர்களில் ஒருவரான ஹரால்ட் வெல்டே 2004-இலேயே மியூனிக் நீதிமன்றத்தில் சைட்காம் நிறுவனத்துக்கு எதிராகத் தடை வாங்கினார். அமெரிக்காவில் 2008-இல் ஜேகப்சன் எதிர் காட்ஸர் வழக்கு. மாதிரி ரயில்களை ஓட்டும் மென்பொருள் அது, உரிமமும் ஜிபிஎல் அல்ல, ஆர்ட்டிஸ்டிக் உரிமம். ஆனால் கேள்வி நம்முடையதேதான். இலவசமாகக் கொடுத்த நிரலின் நிபந்தனையை மீறினால் அது பதிப்புரிமை மீறலா, வெறும் ஒப்பந்த மீறலா? பதிப்புரிமை மீறல்தான் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத பகுதி. பதிப்புரிமை வழக்கில் நீதிமன்றம் இரண்டு விஷயம்தான் பொதுவாகத் தரும்: 'விற்பனையை நிறுத்து', 'இழப்பீடு கொடு'. சோர்ஸை எடுத்துக் கொடு என்பது அதில் வராது. எதிராளி உங்கள் லைப்ரரியைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் போட்டு வெளியே வந்துவிடலாம். பிரான்ஸில் ஆன்ட்ரூவெர் என்ற சின்ன நிறுவனம், லாஸோ என்ற தன் ஜிபிஎல் லைப்ரரிக்காக ஆரஞ்ச் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மீது பத்து வருடத்துக்கு மேல் வழக்காடியது. 2024 பிப்ரவரியில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 5 லட்சம் யூரோவுக்கும் மேல் இழப்பீடு கொடுத்தது. பெரிய வெற்றிதான். ஆனால் கிடைத்தது பணம். நீங்கள் கேட்பது பணம் அல்லவே.

சோர்ஸையே கேட்கும் வழக்கு வேறு ரகம். சாஃப்ட்வேர் ஃபிரீடம் கன்சர்வன்சி என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2021-இல் கலிஃபோர்னியாவில் விஸியோ டிவிக்கு எதிராகப் போட்டது. அதில் அவர்கள் நிரலின் உரிமையாளராக வரவில்லை, டிவி வாங்கியவராக வந்தார்கள். ஜிபிஎல் ஓர் ஒப்பந்தம், அதன் பலன் வாங்கியவருக்கும் சேரும், ஆகவே சோர்ஸைக் கொடு என்பது வாதம். இது பதிப்புரிமைச் சட்டத்துக்குள் அடங்கிவிடும் விவகாரம் என்று விஸியோ வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2022-இல் அங்கிருந்த நீதிபதி, இல்லை, இது தனி உரிமைதான் என்று மாநில நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார். உங்களுக்கு மெயில் போட்டாரே, அவரை விட்டுவிடாதீர்கள். அவர் கருவியின் சொந்தக்காரர். அவரும் தன் பெயரில் ஒரு கடிதம் போடட்டும்.

இன்னொன்று. ஜிபிஎல் 2-இன் 4-ஆம் பிரிவுப்படி மீறிய கணமே அவர்களின் உரிமம் தானாக முடிந்துவிடுகிறது. ஜிபிஎல் 3 இதை இளக்கியது: முதல் தடவை மாட்டியவர் நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் திரும்பிவிடும். உங்களுடையது 2 என்பதால் அந்தச் சலுகையைத் தர நீங்கள் கட்டுப்பட்டவர் இல்லை. ஆனாலும் கொடுங்கள். 2017-இல் லினக்ஸ் கர்னல்காரர்கள் பலர் கையெழுத்திட்டு, தங்கள் நிரலுக்கு இந்த விதியே பொருந்தும் என்று அறிவித்தார்கள். பணம் பிடுங்குவதற்காகவே வழக்குப் போட்டுத் திரிந்த ஒரு ஆளால் வந்த வினை அது. நெட்ஃபில்டர் குழுவே தன் உறுப்பினரான அவரை 2016-இல் இடைநீக்கம் செய்தது. உங்கள் கடிதத்தைப் படிப்பவருக்கு அந்தக் கதை தெரிந்திருந்தால், நீங்கள் அந்த வகை இல்லை என்று முதலில் காட்டியாக வேண்டும்.

செமிகோலன்:

இரண்டு பேருக்கும் நன்றி. எந்த வரியை யார் எழுதியது என்று காட்டும் கிட் பிளேம் ஓட்டினேன். மொத்தம் 2,870 வரி. அதில் 212 வரி விண்டோஸில் ஓடுவதற்காக இன்னொருவர் கொடுத்தது. அது அந்தக் கருவிக்குள் போயிருக்க வாய்ப்பில்லை, லினக்ஸ் ஆயிற்றே. எழுதிய காலத்தில் நான் ஒரு வேலையை விட்டு அடுத்த வேலை கிடைக்காமல் இருந்தேன். அந்த ஏழு மாதத்தை நினைத்து முதல்முறையாகச் சந்தோஷப்படுகிறேன்.

கடிதம் எழுதிவிட்டேன். முதல் வரி: 'என் நிரலை நீங்கள் திருடியிருக்கிறீர்கள் என்பதற்கு ஆதாரம் என்னிடம் உள்ளது.' சரியா?

ஓய்வுபெற்ற மேக்ஃபைல்:

திருட்டு என்ற சொல்லை எடுங்கள். 'உங்கள் கருவியில் என் லைப்ரரி பயன்படுகிறது, அதில் எனக்கு மகிழ்ச்சி' என்று தொடங்குங்கள். பொய்யும் இல்லையே. அப்புறம், கர்னலும் பிஸிபாக்ஸும் இருப்பதை ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும். அவையும் ஜிபிஎல்தான், ஆனால் அவற்றின் பெயரில் நீங்கள் மிரட்ட முடியாது, அவை உங்களுடையவை அல்ல. ஆனால் பிஸிபாக்ஸுக்காக 2009-இல் ஒரே வழக்கில் 14 நிறுவனங்களை இழுத்தார்கள் என்பது அவர்களின் வக்கீலுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் சொல்லாமலே நினைவுக்கு வரும்.

சோர்ஸ் அடங்கிய டார் கோப்பு (ஜிப் மாதிரி) வந்தால் உடனே நன்றி சொல்லிவிடாதீர்கள். ஒன்றுமே நிறுவாத ஒரு மெஷினில் போட்டு பில்ட் செய்து பாருங்கள்.

செமிகோலன் (பதினோரு வாரம் கழித்து):

முதல் இரண்டு கடிதத்துக்கும் பதிலே இல்லை. மூன்றாவதைக் கையேட்டின் பின் அட்டையில் பொடி எழுத்தில் இருந்த அஞ்சல் முகவரிக்கு, சட்டப் பிரிவு என்று போட்டு, காகிதத்தில் அனுப்பினேன். கருவி வைத்திருப்பவரும் தனியாக ஒன்று போட்டார். ஆறாம் நாள் ஓர் இன்ஜினியரிடமிருந்து மெயில் வந்தது. மரியாதையான மனிதர். உரிமம் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கிறது, மேலே சொல்லியும் இருக்கிறார், யாரும் காதில் வாங்கவில்லை.

முதல் டார் கோப்பு பில்ட் ஆகவில்லை, ஒரு ஹெடர் கோப்பு விடுபட்டிருந்தது. கேட்டேன், நான்கு நாளில் வந்தது. இரண்டாவது முழுதாக பில்ட் ஆனது, பைனரி கருவியிலும் ஏறியது. அடுத்த கையேட்டில் சோர்ஸ் பற்றிய பக்கம் வரும் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் என் லைப்ரரிக்கும் அவர்களுடையதற்கும் டிஃப் (வித்தியாசப் பட்டியல்) எடுத்தேன். கை நடுங்கியது என்றே சொல்லலாம், மூன்று வருடமாகத் தேடிய திருத்தம் ஆயிற்றே. நான்கு வரி மாறியிருந்தது. ஒரு கோப்புப் பாதை, ஒரு பாட் ரேட், இரண்டு லாக் அளவு. 32 பிட் எண்ணியை யாரும் தொடவே இல்லை. 'அய்யோ'வையும் தொடவில்லை.

மற்ற கோப்புகளையும் துழாவினேன். கருவி கிளம்பும்போது ஓடும் இனிட் ஸ்கிரிப்ட்களுக்கு நடுவில் ஏழு வரியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் கிடந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அதிகாலை மூன்று மணிக்கு அந்த புரோகிராமைக் கொன்றுவிட்டு மறுபடி கிளப்புகிறது. வாரம் ஒருமுறை செத்துப் பிழைக்கிறவனுக்கு 49-ஆம் நாள் எங்கே வரும்?

கர்னல் பேனிக்:

அந்த ஏழு வரியை உங்கள் ரெபாசிட்டரியில் சேர்த்துவிடுங்கள். ஜிபிஎல்தானே.

செமிகோலன்:

சேர்த்தால் மானம் போகும். நேற்று அந்த இன்ஜினியருக்கு நன்றி சொல்லி எழுதினேன். பதிலின் கடைசியில் கேட்டிருக்கிறார்: 'அந்த 49 நாள் விஷயத்தை நீங்கள் சரிசெய்துவிட்டால் ஒரு வரி எழுதுங்கள், எங்களுக்கும் ரொம்ப நாளாகத் தேவைப்படுகிறது.'